55 ரன் எடுத்தவர்கள் தோற்ற கதை

1960 வேர்ல்ட் சீரீஸ் கணக்கை முதன்முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். ஏழு ஆட்டங்களில் நியூயார்க் யாங்கீஸ் எடுத்தது 55 ரன். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எடுத்தது 27, சரியாகப் பாதிகூட இல்லை. ஆனால் கோப்பை போனது பிட்ஸ்பர்க்குக்கு. அப்புறம் இந்த இரண்டையும் சமபலம் உள்ள அணிகள்னு எப்படிச் சொல்றது?

சொல்லலாம். அந்த சீசனில் யாங்கீஸ் ஜெயித்தது 97 ஆட்டம், பைரேட்ஸ் 95. லீக் வேறு வேறு என்றாலும், ஐந்தாறு மாதம் ஓடிய ஓட்டத்தில் இவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அந்த 55-ஐப் பிரித்துப் பாருங்கள். யாங்கீஸ் ஜெயித்த மூன்று ஆட்டங்கள் 16-3, 10-0, 12-0. மூன்றிலேயே 38 ரன் வந்துவிட்டது. பைரேட்ஸ் ஜெயித்தவை 6-4, 3-2, 5-2, 10-9. கிரிக்கெட் லீக் போட்டி என்றால், புள்ளிகள் சமமாகும்போது நெட் ரன் ரேட்டைப் பார்ப்பார்கள். இங்கே அது கிடையாது. பத்து ரன்னில் ஜெயித்தாலும் ஒரு வெற்றிதான், ஒரு ரன்னில் ஜெயித்தாலும் ஒரு வெற்றிதான்.

சரி, ஏழு ஆட்டம் வைத்து யார் பெரிய அணி என்று கண்டுபிடித்துவிட முடியுமா? ஒரு அணிக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் 55 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வையுங்கள். ஏழு ஆட்டத் தொடரை அது வெல்லும் வாய்ப்பு சுமார் 61 சதவீதம்தான். நல்ல அணிதான் வெல்லும் என்று 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் ஏறக்குறைய 270 ஆட்டம் ஆட வேண்டும். அடுத்த அக்டோபரே வந்துவிடும்!

ஆனால் எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்தின் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் அடுத்த நாளே மறுபடி வீச முடியாது, சில நாள் ஓய்வு வேண்டும். அதனால் நாம் ஒப்பிடுவது அணியை இல்லை, அன்றைக்கு யார் பந்து வீசுகிறார் என்பதை. பைரேட்ஸ் தங்கள் முதல்தர பிட்சர் வெர்ன் லாவை 1, 4, 7 என மூன்று ஆட்டங்களில் இறக்கினார்கள். முதல் இரண்டிலும் வெற்றி. யாங்கீஸ் மேனேஜர் கேஸி ஸ்டெங்கல் தன் துருப்புச்சீட்டான வைட்டி ஃபோர்டை மூன்றாவது ஆட்டம் வரை உட்கார வைத்தார். ஃபோர்டு வீசிய இரண்டு ஆட்டங்களிலும் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை: அந்த 10-0, அந்த 12-0. முதல் ஆட்டத்தில் ஃபோர்டுக்குப் பதிலாக வந்த ஆர்ட் டிட்மாரோ முதல் இன்னிங்ஸையே முடிக்கவில்லை. ஃபோர்டு முதல் நாளே வீசியிருந்தால் அவருக்கும் மூன்று ஆட்டம் கிடைத்திருக்கும்.

இதற்குப் பிறகும் ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸ் வரை யாங்கீஸ் 7-4 என்று முன்னிலையில்தான் இருந்தது. பைரேட்ஸ் வீரர் பில் வெர்டன் தரையோடு அடித்த பந்து, சாதாரணமாக இரண்டு பேரை அவுட் ஆக்கியிருக்க வேண்டியது, திடீரென்று எகிறி டோனி குபெக்கின் தொண்டையில் மோதியது. அந்த இன்னிங்ஸில் பைரேட்ஸ் ஐந்து ரன் எடுத்தது. ஒன்பதாவதில் யாங்கீஸ் 9-9 என்று சமன் செய்ய, அடுத்து முதல் ஆளாக வந்த பில் மாசரோஸ்கி ஹோம் ரன் அடித்தார். அவ்வளவுதான், தொடர் முடிந்தது.

சிறந்த வீரர் விருது தோற்ற அணியின் பாபி ரிச்சர்ட்சனுக்கு! வேர்ல்ட் சீரீஸில் இன்றுவரை அப்படி வேறு யாருக்கும் கிடைத்ததில்லை. அந்த ஒரு பந்து ஒழுங்காக எழும்பியிருந்தால் ஃபோர்டு விஷயத்தை யாருமே பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் எழும்பிவிட்டது. பத்து வெற்றிகரமான லீக் பட்டங்களை வாங்கித் தந்த எழுபது வயது ஸ்டெங்கலை, தொடர் முடிந்து ஒரு வாரத்துக்குள் யாங்கீஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.