தும்மினால் நனைகிறதா? மறைக்காதீங்க!

தலைப்பிரசவத்துக்கு ராயபுரம் வந்திருந்த என் மகள், "பிலாட்டீஸ் செய்யப் போறேம்மா" என்றாள். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் அடைபட்டிருந்த ஜோசப் பிலாட்டீஸ் என்ற ஜெர்மானியர் வகுத்த பயிற்சியாம் அது.

"மாசமா இருக்கிறவளுக்கு வீட்டு வேலை போதாதா?" என்றார் சம்பந்தியம்மா. டாக்டரிடமே கேட்டோம். ரத்தப்போக்கு, அதிக பிரஷர், நஞ்சு கீழே இருப்பது போன்ற சிக்கல் இல்லாவிட்டால் செய்யலாம். ஆனால் 3 மாதத்துக்குப் பின் நெடுநேரம் மல்லாந்து படுத்துச் செய்யக்கூடாது, கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றும் என்றார். அதனால் தவழும் நிலையிலும், நாற்காலியில் உட்கார்ந்தும்தான் செய்தாள். மூச்சை அடக்குவதே இல்லை.

சிசேரியன் ஆனதால், 6 வாரம் கழித்து டாக்டர் சரி என்ற பிறகே மீண்டும் தொடங்கினாள். படுத்துத் தலையைத் தூக்கும்போது நடுவயிறு கூம்பு மாதிரி எழும்பினால், வயிற்றுத் தசை இன்னும் சேரவில்லையாம். அந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

இதில் லாபம் எனக்குத்தான்! 2 பிள்ளை பெற்றபின், தும்மினால் புடவை நனையும். இதை யாரிடம் சொல்வது? சிறுநீரை அடக்குவது போலக் கீழ்த்தசையை இறுக்கி, 5 எண்ணி விடச் சொன்னாள் மகள். வேளைக்கு 10 தடவை, தினம் 3 வேளை. 3 மாதத்தில் நன்றாகவே குறைந்திருக்கிறது. (சிறுநீர் போகும்போது செய்து பார்க்காதீங்க.)

நம் பக்கத்துப் பெண்களுக்கு ஒன்று: பயிற்சி வகுப்புக்குக் காசு இல்லையே என்று இருந்துவிடாதீங்க. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவு உண்டு. கூச்சப்படாமல் போய்க் கேளுங்க.

- ஒரு வாசகி, ராயபுரம்.