குழந்தை உடுப்பு வியாபாரம்: எந்த அளவில் எத்தனை?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பொகவந்தலாவை போன்ற மலையக நகரங்களில் புடைவைக் கடை நடத்தும் நமது வியாபாரிகள், ஆண்டிறுதியில் சரக்கை எண்ணும்போது ஒரு விடயத்தைக் கவனித்திருப்பார்கள். சேலையும் சாரமும் எப்படியோ விலைபோய்விடுகின்றன. ஆனால் பிறந்த குழந்தைக்கான மிகச் சிறிய சட்டைகள் பெட்டி பெட்டியாகத் தேங்கி, வெள்ளை நிறம் மஞ்சளாகிக் கிடக்கின்றன. அதே கடைக்கு எட்டு மாதக் குழந்தைக்கு ஸ்வெட்டர் கேட்டு வரும் தாயோ, "அந்த சைஸ் முடிஞ்சிட்டுது" என்ற பதிலோடு திரும்பிப் போகிறாள். ஒருபுறம் முதல் முடங்குகிறது. மறுபுறம் வாடிக்கையாளர் கைநழுவிப் போகிறார்.

இதற்குக் காரணம், குழந்தை உடுப்பை நாம் கண்ணால் பார்த்து வாங்குகிறோமே தவிர, கணக்குப் பார்த்து வாங்குவதில்லை. சிறிய உடுப்பு பார்ப்பதற்கு அழகாக இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். புறக்கோட்டையில் கெய்சர் வீதிக்குப் போனால் கை தானாகவே அதை எடுக்கும். நாட்டில் பிறப்புகளும் குறைந்து வருகின்றன. 2015இல் ஏறத்தாழ 3 இலட்சத்து 34 ஆயிரம் பிறப்புகள் பதிவாகின. 2023இல் அது இரண்டரை இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆகவே பழைய கணிப்பில் கொள்முதல் செய்வது இனிச் சரிவராது. ஒரு குழந்தைக்கு எந்த வயதில் எத்தனை உடுப்பு உண்மையில் தேவைப்படுகிறது என்பதை அறிந்தால், கடையில் எதை எவ்வளவு வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் வளர்ச்சிக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி நியமங்களின்படி, நடுத்தரமான ஓர் ஆண் குழந்தை பிறக்கும்போது ஏறக்குறைய 50 சென்டிமீற்றர் நீளமும் 3.3 கிலோ நிறையும் இருக்கும். மூன்று மாதத்தில் 61 சென்டிமீற்றர், ஆறு மாதத்தில் 68, ஒரு வருடத்தில் 76, இரண்டு வருடத்தில் 88 என வளரும். பெண் குழந்தை இதைவிட ஒன்றிரண்டு சென்டிமீற்றர் குறைவாக இருக்கும். அதாவது முதல் மூன்று மாதத்திலேயே 11 சென்டிமீற்றர் கூடுகிறது. அதன் பிறகு ஒரு முழு வருடம் எடுத்தாலும், இரண்டாவது வருடத்தில் கூடுவது 12 சென்டிமீற்றர்தான்.

ஏற்றுமதிக்காகத் தைத்து மிஞ்சிய உடுப்புகளில் 56, 62, 68, 74, 80, 86 என்று இலக்கம் இட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது குழந்தையின் நீளத்தைச் சென்டிமீற்றரில் சொல்லும் அளவு. மேலே சொன்ன வளர்ச்சியோடு இதைப் பொருத்திப் பாருங்கள். 56ஆம் அளவு ஐந்து, ஆறு வாரத்துக்குத்தான் பொருந்தும். 62 ஏறத்தாழ இரண்டு மாதம், 68 மூன்று மாதம், 74 நான்கரை மாதம், 80 ஐந்து மாதம், 86 ஆறு மாதம் பாவிக்கப்படும். அளவு கூடக்கூட உடுப்பின் ஆயுளும் கூடுகிறது.

இதை ரூபாயில் பார்ப்போம். 600 ரூபாய்க்கு வாங்கிய 56ஆம் அளவுச் சட்டை 42 நாள் பாவனையில் இருந்தால், நாளொன்றுக்கு 14 ரூபாய் ஆகிறது. 900 ரூபாய்க்கு வாங்கிய 74ஆம் அளவுச் சட்டை 135 நாள் இருந்தால், நாளொன்றுக்கு 7 ரூபாய்கூட வராது. ஆகவே சிறிய அளவில் விலை குறைந்த, சாதாரணமான பருத்திச் சட்டைகள் சில போதும். தரமான துணி, நல்ல தையல் என்று விலை கொடுத்து வாங்கி வைக்க வேண்டியது பெரிய அளவுகளில்தான். பெரும்பாலான கடைகளில் இது தலைகீழாக நடக்கிறது.

வயதை மட்டும் கேட்காதீர்கள்

"எத்தனை மாதப் பிள்ளை?" என்று கேட்டு உடுப்பை எடுத்துப் போடுவது நமது வழக்கம். தோட்டப் பகுதியில் இந்தக் கேள்வி மட்டும் போதாது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 வீதமாக இருந்தார்கள். தோட்டத்துறையில் அது ஏறத்தாழ 32 வீதம். பிறக்கும்போதே நிறை குறைந்த குழந்தைகளும் அங்கே அதிகம். 2.3 கிலோவில் பிறந்த குழந்தைக்கு 56ஆம் அளவு இரண்டு மாதத்துக்கு மேலும் பொருந்தலாம். எனவே 50ஆம் அளவிலும் நாலைந்து உடுப்புகள் கடையில் இருப்பது நல்லது.

ஒவ்வொரு தாயிடமும் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு இருக்கிறது. கிளினிக் புத்தகம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். கடைசியாக நிறுத்த நிறையும், குறித்திருந்தால் நீளமும் அதில் கிடைக்கும். அதைக் கேட்டு உடுப்புக் கொடுத்தால் பிழைக்காது. ஒரே உடுப்பு மாதக்கணக்காகப் பொருந்துகிறது என்று தாய் மகிழ்ச்சியாகச் சொன்னால், அதைச் சிக்கனம் என்று பாராட்டிவிட வேண்டாம். குடும்ப நல உத்தியோகத்தரிடம் பிள்ளையைக் காட்டச் சொல்லுங்கள். வியாபாரத்துக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை.

காய எத்தனை நாள்?

எத்தனை உடுப்புத் தேவை என்பதைத் தீர்மானிப்பது குழந்தை மட்டுமல்ல, மழையும்தான். கொழும்பில் காலையில் துவைத்தது மாலையில் காய்ந்துவிடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வருடாந்த சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில்தான். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் லயத்து வாசலில் கட்டிய கொடியில் துணி மூன்று நாளானாலும் ஈரமாகவே தொங்கும்.

இதற்கு ஓர் எளிய வாய்ப்பாடு உண்டு. ஒரு நாளைக்கு மாற்றும் எண்ணிக்கையை, காய எடுக்கும் நாளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள். நாளுக்கு மூன்று சட்டை மாற்றும் குழந்தைக்கு, ஒரே நாளில் காய்ந்தால் 3 x 2 = 6 சட்டை போதும். மூன்று நாள் எடுத்தால் 3 x 4 = 12 வேண்டும். துணி நெப்பி நாளுக்குப் பத்து என்றால், வெயில் காலத்தில் 20, மழைக் காலத்தில் 40. நாற்பது நெப்பியைக் காசு கொடுத்து வாங்க எந்தத் தோட்டக் குடும்பத்தாலும் இயலாது. பழைய சேலையையும் வேட்டியையும் கிழித்துத்தான் சமாளிக்கிறார்கள். மிச்சத்தை அடுப்படிப் புகையில் உலர்த்துகிறார்கள்.

வியாபாரிக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. மழைக் காலத்தில் தடித்த துணி குளிருக்கு நல்லது என்று நினைத்து அதையே விற்கிறோம். ஆனால் தடித்த துணிதான் காயாமல் கிடக்கும். ஒரு தடித்த சட்டைக்குப் பதிலாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் போடக்கூடிய இரண்டு மெல்லிய பருத்திச் சட்டைகளைக் கொடுங்கள். இரண்டுக்கும் இடையில் நிற்கும் காற்று சூட்டைக் காக்கும். நனைந்தால் கெதியில் காயும். வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றிவிடலாம். மேலே போட ஸ்வெட்டர் இரண்டு இருந்தால் போதும், அது அடிக்கடி அழுக்காவதில்லை. தொப்பி இரண்டு, காலுறை நான்கு சோடி. கழுத்தில் கட்டும் நீளமான நாடா உள்ள உடுப்புகளைக் கொள்முதலிலேயே தவிர்த்துவிடுங்கள். தூங்கும் குழந்தைக்கு அது ஆபத்து.

பிறந்த மாதத்தையும் பாருங்கள்

குளிர் உடுப்பில் பணம் முடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி விழும் இரவுகள் உண்டு. அந்தக் குளிருக்கு உடுப்புத் தேடி வருபவர்களில் பலர், முந்திய ஜூலையிலும் ஓகஸ்டிலும் பெற்ற தாய்மார். அவர்களின் பிள்ளைக்கு அப்போது ஐந்து, ஆறு மாதம். தேவைப்படுவது 68, 74. அதேபோல ஜூன் மாத மழைக்கு வருபவர்களில் டிசம்பர் முதல் மார்ச் வரை பெற்றவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு 62 முதல் 68 வரை வேண்டும். ஆகவே ஏப்ரலில் கொழும்புக்குப் போய் ஸ்வெட்டர் வாங்கும்போது, பிறந்த குழந்தை அளவில் பத்து எடுத்தால் அடுத்த மூன்று அளவுகளிலும் சேர்த்து நாற்பதாவது எடுங்கள்.

தாய் வேலைக்குத் திரும்பும் காலமும் முக்கியமானது. சட்டப்படி பிரசவ விடுமுறை 12 வாரம்; அதில் பிரசவத்துக்குப் பின்னர் பத்து வாரம். அது முடிந்ததும் தாய் கொழுந்து மலைக்குப் போவாள், குழந்தை பிள்ளைக் காம்பராவுக்குப் போகும். வீட்டில் ஒரு தொகுதி, காம்பராவுக்கு அனுப்பும் பையில் ஒரு தொகுதி என்று தேவை திடீரென்று கூடுவது அப்போதுதான். 62ஆம் அளவில் கையிருப்புக் குறையக்கூடாது என்பது இதனால்தான்.

வாங்குபவர் இரண்டு வகை

தாய் வாங்குவது ஒன்று. உறவினர் அன்பளிப்புக்கு வாங்குவது இன்னொன்று. பிள்ளை பிறப்பதற்கு முன் புது உடுப்பு வாங்கக்கூடாது என்ற எண்ணம் பல குடும்பங்களில் உண்டு. பிறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்குகிறார்கள். தமிழ்க் குடும்பங்களில் முப்பத்தோராம் நாள், நம்மவர்களிடையே ஏழாம் நாள் அகீகாவும் நாற்பதாம் நாளும் என்று ஆட்கள் பார்க்க வரும் நாட்கள் இருக்கின்றன. வருகிற எல்லோரும் அழகான சின்ன உடுப்புப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நாற்பதாம் நாளில் கிடைக்கும் 56ஆம் அளவு உடுப்பைக் குழந்தை அணியப்போவது ஒரு தடவையோ இரண்டு தடவையோதான்.

அன்பளிப்புக்கு வருபவரிடம், "இப்ப எல்லாரும் சின்னதுதான் கொண்டு போவாங்க, நீங்க ஆறு மாதத்துக்குப் போடுற மாதிரி எடுங்க, அந்தத் தாய் உங்கள நினைச்சுக்குவா" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். விலை கூடிய உடுப்பும் விற்கும், வாங்கியவருக்கும் பெயர் கிடைக்கும். பிரித்துப் பாவிக்காத உடுப்பை ஒரு மாதத்துக்குள் கொண்டுவந்தால் பெரிய அளவுக்கு மாற்றித் தருவோம் என்று பற்றுச்சீட்டில் எழுதியும் கொடுக்கலாம். மாற்ற வரும் தாய் பெரும்பாலும் கூடுதலாக ஒரு பொருளையாவது வாங்கிக்கொண்டே போவாள்.

சம்பள நாளும் கடன் கொப்பியும்

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 2022 நெருக்கடியில் உடுப்பு விலை ஏறிய வேகத்துக்கு இது ஈடாகவில்லை என்பதை நமது கடன் கொப்பிகளே சொல்லும். இப்படிப்பட்ட குடும்பத்திடம் பிள்ளை பிறந்த மாதத்திலேயே ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு 'பேபி செட்' விற்பது அன்றைக்கு நல்ல வியாபாரமாகத் தெரியும். இரண்டு மாதத்தில் அந்த உடுப்புப் பொருந்தாமல் போகும், கடன் மட்டும் நிற்கும். பொருந்தாத உடுப்புக்குக் கடன் கட்ட யாருக்கும் மனம் வராது. கடைவீதியில் நம்மைக் கண்டு மறுபக்கமாகப் போகும் வாடிக்கையாளர் உருவாவது இப்படித்தான்.

அதே ஆறாயிரத்தை மூன்றாகப் பிரித்து விற்கலாம். பிறந்தவுடன் கொஞ்சம், பத்தாம் வாரத்தில் வேலைக்குத் திரும்பும்போது கொஞ்சம், ஆறாம் மாதத்தில் மிச்சம். ஒவ்வொன்றும் ஒரு சம்பளத்துக்குள் அடங்கும். கடனாகக் கொடுத்தாலும் உடுப்புப் பாவனையில் இருக்கும்போதே கடன் தீர்ந்துவிடும். தீபாவளி முற்பணம் கிடைக்கும் காலத்தில், "வளர்ற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிசாக் குடுங்க" என்று கேட்பார்கள். ஒரு அளவு பெரிதாகக் கொடுங்கள், இரண்டு அளவு வேண்டாம். கை கால் மறைந்து தவழ முடியாத உடுப்பு பெட்டிக்குள்தான் போகும்.

கொள்முதலுக்கு ஒரு கணக்கு

புதிதாகத் தொடங்குபவர் நூறு உடுப்பு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 50, 56 இரண்டிலும் சேர்த்து 10, 62இல் 20, 68இல் 25, 74இல் 25, 80இலும் 86இலும் 20 என்று வாங்கலாம். இது ஒரு தொடக்கக் கணக்குத்தான். ஆறு மாதத்துக்கு ஒரு கொப்பியில் மூன்று விடயங்களைக் குறித்து வாருங்கள்: விற்ற அளவு, விற்ற மாதம், இல்லை என்று திருப்பி அனுப்பிய அளவு. மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. நமது நட்டம் இருப்பது அங்கேதான். அடுத்த கொள்முதலுக்கு அந்தக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலால் மலையக வீதிகள் துண்டிக்கப்பட்டபோது, கொழும்பிலிருந்து சரக்கு வருவது தடைப்பட்டது. அப்படியான நேரத்தில் ஒரு நகரத்துக் குழந்தைகளுக்கு உடுப்பு இருப்பதும் இல்லாததும் அங்குள்ள கடைக்காரரின் இராக்கையைப் பொறுத்தது. அதில் சரியான அளவு இருக்க வேண்டும். மஞ்சளாகிப்போன ஐம்பது சின்னச் சட்டைகள் எந்தக் குழந்தைக்கும் குளிரைத் தடுக்காது, எந்த வியாபாரிக்கும் முதலைத் திருப்பித் தராது.