வெந்நீர்த் தொட்டியில் ஒட்டிக்கொள்ளும் கிருமி

‘ஹாட் டப்’ எனப்படும் வெந்நீர்த் தொட்டியில் ஊறி எழுந்தவர்களில் சிலருக்கு, ஓரிரு நாள் கழித்து உடம்பில் அரிப்போடு சிவந்த தடிப்புகள் கிளம்புவதுண்டு. சிலவற்றின் நுனியில் சீழ் கோத்திருக்கும். நீச்சலுடை மூடியிருந்த இடுப்பிலும் பிட்டத்திலும் இவை நெருக்கமாக இருக்கும். தண்ணீருக்கு மேலே இருந்த முகத்திலும் கழுத்திலும் பொதுவாக வராது. மயிர்க்கால் அழற்சியில் இது ஒரு வகை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு விடுதியின் சுழல்நீர்த் தொட்டியிலிருந்து இது பரவியதை 1975இல் வெளியான அறிக்கை முதன்முதலாக விவரித்தது.

காரணம் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா. மண், தண்ணீர், ஈரத் தரை என்று எங்கும் இருப்பது. காயமில்லாத உலர்ந்த தோலிடம் இதன் வித்தை அவ்வளவாகச் செல்லாது. வெந்நீரில் வெகுநேரம் ஊறினால் மேல்தோல் நீரேறி உப்பி, கிருமி மயிர்க்காலுக்குள் இறங்க இடம் கிடைக்கிறது. நனைந்த உடையை மாற்றாமல் இருந்தால் அதற்கு இன்னும் வசதி.

நீச்சல் குளத்தைவிட வெந்நீர்த் தொட்டியில் ஆபத்து அதிகம். 42 டிகிரி செல்சியசிலும் வளரக்கூடிய இந்தக் கிருமிக்குத் தொட்டியின் சூடு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அதே சூடும், குமிழ்விட்டுக் கொப்பளிக்கும் காற்றும் குளோரினை விரைவில் விரட்டிவிடும். கொஞ்சத் தண்ணீரில் பலர் இறங்கும்போது வியர்வையும் உடல் அழுக்கும் மீதிக் குளோரினைத் தின்றுவிடுகின்றன. போதாததற்கு, குழாய்களின் உட்சுவரில் வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு அதன் மறைவில் கிருமி பிழைத்திருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டு, படலத்தைத் தேய்த்து நீக்காத இடங்களில் நோய் திரும்ப வருவது இதனால்தான்.

லிட்டருக்குக் குறைந்தது 3 மில்லிகிராம் குளோரின் வெந்நீர்த் தொட்டியில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. நீச்சல் குளத்துக்கு 1 மில்லிகிராம். வாடை மூக்கைத் துளைத்தால் தண்ணீர் சுத்தம் என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை தவறு. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களின் வாடை அது. கிருமியைக் கொல்லும் வேலையில் அவை மந்தம். வாடையை நம்புவதைவிடச் சோதனைத் தாளை நனைத்துப் பார்ப்பதே மேல்.

பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தடிப்புகள் தாமாகவே அடங்கிவிடும், மருந்து தேவைப்படாது. நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். இதே கிருமி உள்ளங்காலையும் விடுவதில்லை. கனடாவின் எட்மன்டன் நகரில் 1998இல் சிறுவர்கள் விளையாடும் ஆழமில்லாக் குளம் ஒன்றுக்குப் போன 40 பிள்ளைகளுக்கு, கால் ஊன்ற முடியாத வலியோடு உள்ளங்காலில் சிவந்த முடிச்சுகள் வந்தன. குளத்தின் தரை சொரசொரப்பானது. உள்ளங்கால் உராய்ந்து தேய, கிருமி நுழைந்தது.

தண்ணீரிலிருந்து தொற்றும் இன்னொரு பாக்டீரியாவான மைக்கோபாக்டீரியம் மரினம் வேறு சுபாவம் கொண்டது. காசநோய்க் கிருமியின் உறவு. சிராய்ப்பின் வழியே நுழைந்து, பல வாரம் கழித்தே கட்டியாகத் தலைகாட்டும். 30 டிகிரி அளவிலான வெப்பமே இதற்கு ஏற்றது என்பதால் குளிர்ந்த கை, முழங்கை, முழங்கால் ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. முன்பு நீச்சல் குளங்களில் பிடித்துக்கொண்ட இது, குளோரின் பழக்கம் பரவியபின் பெரும்பாலும் வண்ணமீன் தொட்டியைக் கழுவுகிறவர்களிடமே காணப்படுகிறது. கட்டி கரையப் பல மாதம் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். மீன் தொட்டி வைத்திருப்பதை நோயாளி சொல்லாவிட்டால், நோயைக் கண்டுபிடிப்பதற்கே அதைவிட நாளாகும்.