வயதுக் கோடும் கடல் தூரமும்

மும்பைத் துறைமுகத்தில் கப்பலேறுவோரின் உடல்நிலையைச் சோதித்து, தேவைப்பட்டால் பயணத்தையே நிறுத்திவைக்கும் அதிகாரம் கொரோனாக் காலத்தில் பிறந்ததன்று. 1896 செப்டம்பரில் அந்நகரின் மாண்ட்விப் பகுதியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து 1897-இல் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம், புறப்படும் கப்பலைச் சோதிக்கவும் அதில் ஏறவிருப்போரைத் தடுத்துவைக்கவும் அரசுக்கு வழிசெய்தது; அதே ஆண்டில் பம்பாயிலிருந்து ஹஜ் யாத்திரைக் கப்பல்கள் செல்வதும் நிறுத்தப்பட்டது. அந்தத் தடை புறப்படும் ஊரைப் பார்த்து விதிக்கப்பட்டதே தவிர, பயணியின் வயதைப் பார்த்து விதிக்கப்பட்டதன்று.

வயதைக் கொண்டு கோடு கிழிக்கும் வழக்கம் 2020 மார்ச்சில்தான் உலகெங்கும் பேசப்பட்டது. பிரிட்டன் அரசு அம்மாதம் 12-ஆம் தேதி, 70 வயதைக் கடந்தவர்களும் நாட்பட்ட நோயுள்ளவர்களும் சொகுசுக் கப்பல்களில் பயணம் செய்ய வேண்டாம் என அறிவுறுத்தியது. அமெரிக்காவிலோ, 70 கடந்தவர்கள் மருத்துவச் சான்றுடன் வந்தால் மட்டுமே ஏற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையைக் கப்பல் நிறுவனங்களே முன்வைத்தன. 2022-இல் சவூதி அரேபியா 65 வயதுக்குட்பட்டோரை மட்டுமே ஹஜ்ஜுக்கு அனுமதித்தபோது, மும்பையின் தாராவியில் தோல் தொழிலைச் சார்ந்து வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் மூத்தோரும் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றனர். மறு ஆண்டு அவ்வரம்பு நீக்கப்பட்டது.

இக்கோடுகளுக்குப் பின்னால் இருந்த அச்சம் ஆதாரமற்றதன்று. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்திவைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்த 3,711 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்கள். 712 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், பரிசோதனை செய்த நேரத்தில் எந்த அறிகுறியும் இல்லை. 2022 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவாவுக்குச் சென்ற கார்டிலியா கப்பலில் 66 பேருக்குத் தொற்று உறுதியானபோது, மூடிய தாழ்வாரங்களும் பொது உணவுக்கூடமும் கொண்ட ஒரு மிதக்கும் ஊரில் கிருமி எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை இந்தியக் கரையும் கண்டது.

முதியவர் உடல் ஒரு புதிய கிருமியிடம் ஏன் எளிதில் தோற்கிறது என்பதற்கான விடையின் பெரும்பகுதி, மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் தைமஸ் என்ற சிறு சுரப்பியில் உள்ளது. டி செல்கள் எனப்படும் நோயெதிர்ப்பு அணுக்கள் முதிர்ந்து பயிற்சி பெறும் இடம் இதுவே. பருவமடைந்த பிறகு இது சுருங்கத் தொடங்கி, நாளடைவில் பெரும்பாலும் கொழுப்பாக மாறிவிடுவதால், இதுவரை சந்திக்காத கிருமியை அடையாளம் காணவல்ல புதிய டி செல்களின் வரத்து குறைகிறது. முன்பு வந்துபோன நோய்களை நினைவில் வைத்திருக்கும் பழைய செல்களே மிகுந்திருக்கின்றன. இதனுடன், வெளியே தெரியாத மெல்லிய அழற்சி உடலெங்கும் நீடித்து, இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் தேய்க்கிறது. இவ்விரு மாற்றங்களையும் சேர்த்தே மருத்துவம் நோயெதிர்ப்பு முதுமை என்கிறது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் இந்த முதுமை வேறொரு முகத்தைக் காட்டுகிறது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இந்நோய் நிலவும் நாடுகளின் துறைமுகங்களைத் தொட்டுவரும் கப்பலில் செல்ல விரும்புவோர் பொதுவாக இவ்வூசியைப் போட்டுக்கொண்டாக வேண்டும். சான்று இல்லாமல் திரும்புவோரை இந்தியாவில் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்த விதி உள்ளது. மேக்ஸ் தைலர் 1930-களில் உருவாக்கிய இத்தடுப்பூசி, வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸைக் கொண்டது. இளையவர் உடல் அதைச் சில நாட்களில் அடக்கி, அதிலிருந்து நீடித்த பாதுகாப்பைப் பெறுகிறது. 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போட்டுக்கொள்வோரில் மிக அரிதாகச் சிலருக்கு, அவ்வைரஸ் அடங்காமல் பெருகிக் கல்லீரல் முதலிய உறுப்புகளையே தாக்கிவிடுகிறது. காக்க வந்த ஊசியே ஆபத்தாகும் இந்நிலையில், ஊசியைத் தவிர்ப்பதா, பயணத்தைத் தவிர்ப்பதா என்பதை மருத்துவரும் பயணியும் சேர்ந்தமர்ந்தே முடிவெடுக்க இயலும்; வயதுக் கோடு இதில் சிந்திக்கத் தூண்டும் எச்சரிக்கையாக மட்டுமே பயன்படும்.

உண்மையில் அளக்க வேண்டியவை வேறு இரண்டு. முதலாவது, உடலின் கையிருப்பு, அதாவது நோய் அல்லது அதிர்ச்சி வரும்போது இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் கூடுதலாக உழைக்கும் திறன். மும்பையின் செம்பூரில் நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்கும் 76 வயதினர் ஒருவரிடம் இது நிறைந்திருக்கலாம். மாட்டுங்காவில் இரண்டாம் மாடிப்படியில் மூச்சுவாங்கி நிற்கும் 61 வயதினரிடம் இல்லாமலிருக்கலாம். கால்களின் திறனும் இதில் சேரும். லட்சத்தீவின் அகத்தியில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க இயலாததால், பயணிகள் ஆடும் கடலில் சிறு படகுக்கு மாறித்தான் தீவை அடைகின்றனர். அங்கே தேவைப்படுவது கால்களின் வலுவும் சமநிலையும்தான்.

இரண்டாவது, மருத்துவமனையிலிருந்து உள்ள தூரம். கப்பலின் மருத்துவ அறையில் பொதுவாக ஆக்சிஜன், இசிஜி, இதயத் துடிப்பை மீட்கும் கருவி ஆகியவை இருக்கும். பக்கவாதத்துக்கு அவை போதா. மூளையில் இரத்தம் உறைந்து அடைத்துள்ளதா, குழாய் வெடித்துக் கசிகிறதா என்பதை சி.டி. ஸ்கேன் செய்தே பிரித்தறிய முடியும். உறைவைக் கரைக்கும் மருந்தோ நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தப்பட வேண்டும், கசிவுள்ளவருக்குச் செலுத்தினால் உயிரையே பறிக்கக்கூடும். 2023 ஆகஸ்டில் மும்பைக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் சென்ற ஆய்வுக் கப்பலொன்றில் மார்புவலியால் துடித்த சீன மாலுமியைக் கடலோரக் காவல்படை இரவில், மோசமான வானிலையில் ஹெலிகாப்டரில் மீட்டுவந்தது. போற்றத்தக்க அப்பணி ஒவ்வொரு கடற்பரப்பிலும் ஒவ்வொரு வானிலையிலும் சாத்தியமாகும் என்று எண்ணிக் கப்பலேறுவது சரியன்று.

பெரிய நோய்களைப் பற்றிய இந்தக் கவலையில், பையில் இருக்கும் சிறிய மாத்திரை மறக்கப்பட்டுவிடுகிறது. கடலாட்டத்தால் வரும் குமட்டலுக்காகப் பலரும் தாமே வாங்கி விழுங்கும் அவோமின் போன்ற மாத்திரைகள், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் செயலைத் தடுப்பவை. முதியவர்களுக்கு அவற்றால் மனக்குழப்பமும் தடுமாறி விழுதலும், புராஸ்டேட் வீக்கமுள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பும் நேரலாம். அதே குமட்டலால், இன்சுலின் போட்டுக்கொண்டபின் வாந்தியெடுப்பவருக்குச் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும்.

ஆகவே, பயணத் தகுதிச் சான்று என்பது கையெழுத்தும் முத்திரையும் மட்டுமாக இருத்தல் கூடாது; உட்கொள்ளும் மருந்துகள், அண்மைய இசிஜி, நடக்கும் திறன் ஆகியவற்றைச் சொல்லும், கப்பல் மருத்துவர் இரவு இரண்டு மணிக்கு எடுத்துப் படிக்கத்தக்க தாளாக அது இருக்க வேண்டும். முப்பது ஆண்டுகளாக ஒரே குடும்ப மருத்துவரிடம் செல்லும் மாட்டுங்காவாசிக்கு இது எளிது. ஒவ்வொரு முறையும் சயான் மருத்துவமனையின் நீண்ட வரிசையில் நின்று, புதிய மருத்துவரிடம் கேஸ் பேப்பரை நீட்டும் தாராவி மூதாட்டிக்கு, பிள்ளைகள் பயணச்சீட்டு வாங்கித் தந்தாலும், அத்தகைய தாளை எழுதித் தர ஆளில்லை. மும்பையில் வெளிநாடு செல்வோருக்குத் தடுப்பூசி போடும் துறைமுகச் சுகாதார அமைப்பே இச்சான்றுக்கான பரிசோதனையையும் முதியோருக்குக் கட்டணமின்றிச் செய்துதர வேண்டும்.