ஓடுபவர் தமக்குள் சொல்லும் சொல்

தோட்டத்துத் திடலில் விளையாட்டுப் போட்டி நடைபெறும் நாளை நினைத்துப் பாருங்கள். 1,500 மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்று. ஓடுபவரின் கால்கள் கனக்கின்றன, மூச்சு இரைக்கின்றது. சுற்றிலும் நிற்போர் எவ்வளவு கூவினாலும், அவருக்கு உரக்கக் கேட்பது அவருடைய சொந்தக் குரலே ஆகும். "இனி முடியாது, நின்றுவிடு" என்று அது கூறலாம். "இன்னும் சிறிது தூரந்தான், தாங்கு" என்றும் கூறலாம். இவ்விரு சொற்களின் விளைவும் ஒன்றாகுமா? ஆகாது என்பதை விளையாட்டு அறிவியல் அளந்தே காட்டியுள்ளது.

2014ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். 24 பேர், ஓரிடத்தில் நிலையாகப் பொருத்தப்பட்ட சைக்கிளைக் களைத்து ஓயும்வரை மிதித்தனர். பின்னர் ஒரு பிரிவினருக்கு மட்டும், தமக்குத் தாமே ஊக்கச் சொல் கூறிக்கொள்ள இரண்டு வாரம் பயிற்சி அளிக்கப்பட்டது. மறுமுறை மிதித்தபோது, இப்பிரிவினர் முன்னிலும் சுமார் 18 விழுக்காடு கூடுதல் நேரம் தாக்குப் பிடித்தனர். மற்றப் பிரிவினரிடம் இம்முன்னேற்றம் காணப்படவில்லை.

இதன் காரணம் யாது? சொல் தசைக்கு வலிமை ஊட்டுவதில்லை. ஆனால், அதே உழைப்பு சற்று இலேசானதாக உணரப்படுகின்றது. பல வேளைகளில் நாம் நின்றுவிடுவது, உடல் முற்றும் ஓய்ந்துவிட்டதால் அன்று. "இவ்வளவு பாடு போதும்" என்று மனம் தீர்ப்புக் கூறிவிடுவதால்தான். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று மரம் சீவும் தொழிலாளர்கள் இதனை நன்கறிவர். "இந்த நிரை முடியட்டும்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டே அடுத்த மரத்தை நோக்கி நடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இத்தகைய சொற்கள் இருவகைப்படும். ஒன்று, "தாங்கு", "விடாதே" போன்ற ஊக்கச் சொல்; இது நெடுந்தூர ஓட்டத்திற்கு ஏற்றது. மற்றொன்று, "பந்தைப் பார்", "கையை வீசு" போன்ற வழிகாட்டும் சொல்; இது குறியும் நுணுக்கமும் வேண்டும் ஆட்டங்களுக்குப் பெரிதும் உதவும். மேலும், "நான் முடிப்பேன்" என்பதைவிட "நீ முடிப்பாய்" என்று தம்மை முன்னிலைப்படுத்திக் கூறிக்கொண்டவர்கள், 10 கிலோமீட்டர் சைக்கிள் சோதனையில் விரைவாக மிதித்தனர் என 2019ஆம் ஆண்டின் ஆய்வொன்று தெரிவித்தது.

நம் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் 1999ஆம் ஆண்டு பிறந்த சிவசங்கரி சுப்பிரமணியம் ஆடும் ஸ்குவாஷ் ஆட்டத்தை எண்ணிப் பார்ப்போம். புள்ளிகளுக்கிடையே கிடைப்பன சில நொடிகளே. பயிற்றுநர் அறிவுரை கூறுவதோ, ஒரு செட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவேளையில்தான். மற்ற நேரமெல்லாம் ஆட்டக்காரருக்குத் துணை அவருடைய மனக்குரலே. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் நிக்கோல் டேவிட்டிடம் தோற்று, சிவசங்கரி வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் கார் விபத்தில் அவருக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அவ்வாண்டின் காமன்வெல்த் போட்டியில் அவர் கலந்துகொள்ள இயலவில்லை. எனினும், 2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். 2024ஆம் ஆண்டு இலண்டனில் எகிப்தின் ஹானியா எல் ஹம்மாமியை வென்று வெற்றியாளரானார். அவரைத் தேற்றியது வெறும் சொல்லன்று. மருத்துவமும், ஓய்வும், நாள்தோறும் செய்த பயிற்சியுமே. உழைப்பு இல்லாத இடத்தில் ஊக்கச் சொல் பயிர் விளைக்காது. கடும் வலியோ மயக்கமோ ஏற்பட்டால், நின்றுவிடுவதே அறிவுடைமை.

இளைஞர்களின் மனக்குரல் எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும் பெரியவர்களாகிய நம் வாயிலிருந்துதான். முன்னர் நான் தோட்டப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், தொடர் ஓட்டத்தில் கோலை வாங்க நின்ற மாணவனை நோக்கி, "கீழே போட்டுவிடாதே!" என்று கூவினேன். அவன் போட்டுவிட்டான். மாலையில் தேற்றச் சென்றபோது, "நான் எப்போதும் கீழே போடுபவன்தானே, சார்" என்றான். அச்சொல்லை அவனுக்கு வழங்கியவன் நானே என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அடுத்த ஆண்டு, "இறுகப் பிடி" என்ற இரண்டே சொற்களைப் பயிற்சிதோறும் அவனைச் சொல்லச் செய்தேன். அவன் குழு மூன்றாவதாக வந்தது. ஆனால், கோல் அவன் கையில் இருந்தது.

ஆகவே, பெற்றோர்களே, ஓடும் பிள்ளையிடம் செய்யக் கூடாததைக் கூவாதீர்கள். செய்ய வேண்டியதைக் கூறுங்கள். இளைஞர்களே, உங்களுக்கேற்ற குறுஞ்சொல் ஒன்றைத் தேர்ந்து, போட்டி நாள்வரை காத்திராமல், இன்று மாலைப் பயிற்சியிலேயே சொல்லிப் பழகுங்கள்.