"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள்!"



வில்லியனூரிலிருந்து புதுச்சேரி செல்லும் காலைப் பேருந்தில் ஏறிப் பாருங்கள். மூவர் அமர்ந்த இருக்கையருகே கைக்குழந்தையுடன் ஒரு தாய் வந்து நிற்பார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்பார். மூவரும் நகர்வர்; நான்காமவருக்கும் இடம் பிறந்துவிடும். ஆங்கிலமே அறியாத நம் பாட்டிமாரும், பாகூர் வயல்களில் நடவு செய்யும் பெண்களும் தடையின்றிப் பேசும் ஆங்கில வினைச்சொல் இது.

1954 வரை இம்மண்ணை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் மொழியிலிருந்தே இச்சொல் ஆங்கிலத்துக்குச் சென்றது. அதன் இலத்தீன் வேருக்கு 'அருகில் கொண்டுவருதல்' என்பது பொருள். பிற்காலத்தில் 'நீதி' எனப் பொருள்படும் வேறொரு சொல்லின் சாயலும் அதில் படிந்தது. கருவியைச் சீராக்கவும் கணக்கைச் சரிசெய்யவும் ஆங்கிலேயர் பயன்படுத்தும் அச்சொல்லை, 'நகர்ந்து இடம் கொடு' என்னும் பொருளிலும் வழங்கி வருகிறோம் நாம்.

இடமளிப்பது நமக்குப் புதிய பாடமன்று. சபைகளில் இடமளிக்கச் சொன்னால் இடமளியுங்கள், அல்லாஹ் உங்களுக்கு விசாலமாக்குவான் என்ற கருத்தைத் திருக்குர்ஆன் (58:11) போதிக்கிறது. ஒருவரை எழுப்பிவிட்டு அவரிடத்தில் அமர்வதைத் தடுத்த நபி (ஸல்) அவர்கள், நெருங்கி அமர்ந்து இடமளிக்கும்படி ஏவினார்கள் (புகாரி, முஸ்லிம்).

ஆனால் இந்த நல்ல சொல்லை நாம் எங்கெல்லாம் இழுத்துச் செல்கிறோம்? எடையில் குறைத்தாலும் 'அட்ஜஸ்ட்'. கையூட்டுக் கொடுத்தாலும் 'அட்ஜஸ்ட்'! அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடுதான் என்று எச்சரிக்கும் அத்தியாயத்தை (83) ஓதிக்கொண்டே இதையும் செய்கிறோம்.

எங்கள் மதரஸாவில் ஓதிய பெண்ணொருத்தி, மணமான சில மாதங்களில் கண்ணீருடன் தாய்வீடு திரும்பினாள். பெரியவர்கள் எல்லோரும் ஒரே புத்திமதி சொன்னார்கள்: "அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்." நானும் அதையே சொன்னேன். அவள் தலைகுனிந்தபடி கேட்டாள்: "அந்தச் சொல் எனக்கு மட்டும்தானா ஹஜ்ரத்?"

என்னால் பதில் கூற இயலவில்லை. மனைவியருடன் நல்ல முறையில் வாழுங்கள் என்னும் கட்டளை (4:19) கணவர்களை நோக்கியல்லவா வந்தது? அதை அவள் கணவனிடம் எங்களில் எவருமே எடுத்துச் சொல்லவில்லையே!

பேருந்து இருக்கையில் மூவரும் சிறிது நகர்ந்தால் நால்வர் அமரலாம். ஓரத்தில் இருப்பவரை மட்டுமே நகரச் சொன்னால் அவர் கீழேதான் விழுவார். குடும்பமும் அப்படித்தான். இனி அச்சொல்லைப் பிறரிடம் கூறுமுன், நாம் ஒரு சாணேனும் நகர்ந்தோமா என்று பார்த்துக்கொள்வோம். அல்லாஹ் நம் இல்லங்களை விசாலமாக்குவானாக! ஆமீன்.