இருபத்து நான்கு நொடி

ஆட்டம் எதுவாயினும் அதற்கு விதி இன்றியமையாதது. விதி ஒன்று இல்லாமையால் ஒரு விளையாட்டுத் தொழில் நலிந்ததும், அவ்விதியைப் பெற்றபின் அது தழைத்ததும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கூடைப்பந்து வரலாற்றில் காணப்படும். அந்த மாற்றம் நிகழ்ந்தது 1954-55 ஆம் ஆண்டுப் போட்டிப் பருவத்தில் ஆகும்.

கூடைப்பந்தாட்டத்தை 1891 டிசம்பரில் ஸ்பிரிங்பீல்டு நகரில் தோற்றுவித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர். பனிக்காலத்தில் வெளியே சென்று ஆட இயலாத இளைஞர்க்காக, உள்ளரங்கில் 10 அடி உயரத்தில் பழக்கூடை இரண்டினைப் பொருத்தி, அவற்றினுள் பந்தை எறியச் செய்தார். கூடை பின்னர் இரும்பு வளையமாக மாறிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. ஊதியம் பெற்று இதனை ஆடுவோர் பெருகியபின், 1946-இல் ஒரு கழகம் அமைந்தது. அது 1949-இல் மற்றொரு கழகத்தோடு இணைந்து தேசியக் கூடைப்பந்துக் கழகம் எனப் பெயர்பெற்றது. இணைந்தபொழுது அதன்கண் 17 குழுக்கள் இருந்தன. 1954 இலையுதிர் காலத்தில் எஞ்சியவை 9 குழுக்களே.

இவ்வீழ்ச்சிக்குப் பணமுடை ஒரு காரணம். ஆட்டத்தின் இயல்பு மற்றொரு காரணம். வளையத்தினுள் பந்தை இட்டால் 2 புள்ளி கிடைக்கும். ஆனால், பந்தைப் பெற்ற குழு அதனை எவ்வளவு நேரத்திற்குள் எறிதல் வேண்டும் என்னும் வரையறை இல்லை. சடுகுடு ஆடுவோனுக்கு அவன் மூச்சே எல்லை. மூச்சு முறிந்தால் அவன் ஆட்டம் முடிந்தது. கூடைப்பந்திலோ அத்தகைய எல்லை எதுவும் இல்லை. ஆகவே, சில புள்ளிகள் முந்திய குழு, பந்தைத் தன் ஆட்டக்காரர்க்குள்ளேயே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு காலத்தைக் கடத்தலாயிற்று.

1950 நவம்பர் 22-ஆம் நாள் நிகழ்ந்த ஆட்டம் இதற்குத் தக்க சான்று. மினியாபொலிஸ் குழுவில் ஜார்ஜ் மைக்கன் என்பவர் இருந்தார். அவர் 6 அடி 10 அங்குல உயரமுடையவர். அவரை வெல்லுதல் அரிது. அக்குழுவை எதிர்க்க வந்த போர்ட் வேன் குழுவினர் ஓர் உபாயம் செய்தனர். பந்தை மைக்கனிடம் செல்லவிடாமல் தாமே கையில் வைத்துக்கொண்டு நின்றனர். கண்டோர் சலித்து ஆரவாரித்தும் அவர்கள் அசையவில்லை. 48 நிமிட ஆட்டத்தின் முடிவில் போர்ட் வேன் 19 புள்ளியும், மினியாபொலிஸ் 18 புள்ளியும் பெற்றன. அந்த 18-இல் 15 புள்ளி மைக்கன் ஒருவரே எடுத்தவை. இக்கழக வரலாற்றில் இதனினும் குறைந்த புள்ளி பெற்ற ஆட்டம் பிறிதில்லை. போர்ட் வேன் குழுவினர் எவ்விதியையும் மீறினாரல்லர் என்பதே இதில் எண்ணத்தக்கது.

பந்தை ஒளித்து வைப்பாரிடமிருந்து அதனை மீட்பதற்கு எதிரணியினர் கண்ட வழி யாது? மோதுதலும் பிடித்திழுத்தலுமே. அங்ஙனம் முறைகேடு செய்யின், அதற்கு ஆளானவர் எவரும் தடுக்காமல் நின்று பந்தை எறிய உரிமை பெறுவார். இதனைத் தனி எறி என்னலாம். இதற்கு 1 புள்ளி. 1953 மார்ச்சில் பாஸ்டனும் சிரக்யூசும் பொருத ஆட்டம் நான்கு முறை கூடுதல் காலம் பெற்று நீண்டது. அதில் பாஸ்டன் வீரர் பாப் கூசி 50 புள்ளி எடுத்தார். அவற்றுள் 30 தனி எறியால் வந்தவை. ஓட்டமும் பாய்ச்சலும் காணக் காசு கொடுத்து வந்தோர், ஒருவர் நின்றெறிவதை மற்றவர் சுற்றி நின்று பார்ப்பதையே கண்டனர். கூட்டம் குறைந்தால் குழு கலையும். குழு கலைந்தால் ஆட்டக்காரர் பிழைப்பும் போகும்.

இக்கேட்டிற்கு மருந்து கண்டவர் டானி பியசோன். இளமையில் இத்தாலி நாட்டிலிருந்து குடியேறிய அவர், சிரக்யூஸ் நகரில் உருட்டுப்பந்துக் கூடம் ஒன்று நடத்தியவர். அந்நகரக் கூடைப்பந்துக் குழுவின் உரிமையாளர். அவரும் குழுவின் மேலாளர் லியோ பெர்ரிசும் ஓர் எளிய கணக்கிட்டனர். சுவை மிகுந்த ஆட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஏறத்தாழ 60 முறை வளையத்தை நோக்கி எறிகின்றது. இரண்டும் சேர்ந்து 120 முறை. ஆட்டக் காலமாகிய 48 நிமிடத்திற்கு 2880 நொடி. 2880-ஐ 120-ஆல் வகுத்தால் ஈவு 24. எனவே, பந்தைப் பெற்ற குழு 24 நொடிக்குள் எறிதல் வேண்டும். தவறின் பந்து எதிரணிக்கு உரியது. தொடக்கப்பள்ளிச் சிறுவனும் போடத்தக்க கணக்கே ஆயினும், அதனைப் போட்டுப் பார்க்கும் எண்ணம் அதுகாறும் பயன்கொள்ளவில்லை.

1954 ஆகஸ்டில் சிரக்யூஸ் நகரப் பள்ளி ஒன்றில் இம்முறையைச் சோதித்தனர். ஆட்டக்காரர் முதலில் பரபரத்துக் கண்டபடி எறிந்தனர். சிறிது நேரத்தில், 24 நொடி அத்துணைக் குறுகியதன்று எனத் தெளிந்தனர். கழகம் இதனை ஏற்றது. அதனோடு, ஆட்டத்தின் ஒவ்வொரு காற்பகுதியிலும் ஒரு குழு 6 முறைகேட்டிற்கு மேல் செய்யின், எதிரணிக்கு மிகுதியாக ஒரு தனி எறி உண்டு என்றும் விதித்தது. இவ்விரண்டும் கூடியே பயன் தந்தன. கடிகாரம் ஒன்றே போதியிருக்குமா என்பது ஐயம்.

அவ்வாண்டு அக்டோபர் 30-ஆம் நாள் ரோச்செஸ்டர் குழு பாஸ்டனை 98-க்கு 95 என வென்றது. புதுக் கடிகாரம் கண்ட முதல் ஆட்டம் அது. முந்திய பருவத்தில் ஒரு குழு ஓர் ஆட்டத்திற்குச் சராசரி 79.5 புள்ளி எடுத்தது. இப்பருவத்தில் அச்சராசரி 93.1 ஆக உயர்ந்தது. பாஸ்டன் குழுவின் சராசரி 100-ஐயும் கடந்தது. ஆயினும், மருந்து எல்லாருக்கும் உரிய காலத்தில் எட்டவில்லை. பால்டிமோர் குழு பருவத்தின் நடுவிலேயே கலைந்தது. 8 குழுக்களே எஞ்சின.

இறுதித் தொடரில் எதிர்ப்பட்டவை சிரக்யூசும் போர்ட் வேனும் ஆகும். போர்ட் வேன் அரங்கில் அப்பொழுது உருட்டுப்பந்துப் போட்டி நடந்தமையால், அக்குழுவினர் தம் ஊரை விடுத்து இண்டியானாபொலிஸ் நகரில் ஆட நேர்ந்தது. உருட்டுப்பந்துக் கூடத்தாரோடு பொர வந்தவரை உருட்டுப்பந்தே ஊரினின்று வெளியேற்றிய விந்தை இது! இரு குழுவும் மும்மூன்று ஆட்டம் வென்றிருக்க, ஏழாவது ஆட்டம் 1955 ஏப்ரல் 10-ஆம் நாள் சிரக்யூசில் நிகழ்ந்தது. போர்ட் வேன் ஒரு கட்டத்தில் 17 புள்ளி முந்திநின்றது. 1950-இல் ஆயின் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே வென்றிருக்கும். இப்பொழுதோ 24 நொடிக்கு ஒருமுறை எறிந்தே தீரவேண்டும். சிரக்யூஸ் சிறுகச் சிறுக நெருங்கி 91-க்கு 91 எனச் சமன் செய்தது. 12 நொடி எஞ்சிய வேளையில் ஜார்ஜ் கிங் என்பவர் தனி எறியால் ஒரு புள்ளி சேர்த்தார். எதிரணி பந்துடன் வருகையில் அதனையும் அவரே பறித்தார். சிரக்யூஸ் 92-க்கு 91 என வாகை சூடியது. அக்குழுவில் இருந்த ஏர்ல் லாய்டும் ஜிம் டக்கரும், இக்கழகத்தில் வாகை சூடிய குழுவில் இடம்பெற்ற முதற் கறுப்பின வீரர்கள் ஆவர்.

1963-இல் அக்குழு பிலடெல்பியா நகருக்கு விற்கப்பட்டுச் சென்றது. பியசோன் 1992-இல் மறைந்தார். கூடைப்பந்துப் புகழவையில் அவர் பெயர் 2000-இல் சேர்ந்தது. குழுவை இழந்த சிரக்யூஸ் நகரில் 2005-இல் நினைவுச்சின்னமாகக் கடிகாரம் ஒன்று நிறுவப்பெற்றது. அஃது 24-லிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி எண்ணுவது.